இன்னாசொல்றான் பதில் சொல்லாத ஒரே கேள்வி

மூன்றாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன் நான். அப்படிப்பட்ட நான்தான் உத்திரமேரூரில் மாவு மில் போட்டேன். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலத்தில், ஊரே கைகொட்டிச் சிரிக்க, ஐஸ் கம்பெனி வைத்தேன். டெண்ட் சினிமாக் கொட்டாயை மூன்று தடவை காற்று தூக்கிக்கொண்டு போனது, மூன்று தடவையும் கட்டினேன். வாலாஜாபாத் ரோட்டில் இன்று நிற்கிற என் கல்யாண மண்டபத்துக்கு, மேஸ்திரி பாதியில் கம்பி நீட்டிய பிறகு, நானே தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பினேன். மட்டம் தப்பியிருந்தால் வந்து காட்டுங்கள்.

ஆனால் செங்கல் இல்லாமல், சிமெண்ட் இல்லாமல் நான் கைவைத்த காரியம் ஒன்று இருக்கிறது. இதெல்லாம் இடிந்து போனாலும் அது நிற்கும். அதன் பேர் செவ்வாய்த் தண்ணி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமையானால் வாசலில் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கக் கூடாது. கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்கள் அன்றைக்கு எந்தக் குடம் வந்தாலும் நிரப்பி அனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்டால், "செவ்வாக்கெழமக்காரரு வருவாரு" என்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் இதே பத்திரிகையில் படித்த பெரியவர் ஒருவர் இதைப் பற்றி எழுதியிருந்தார். ஆயிரம் வருஷத்துப் பழக்கமாம். கோயில் கல்வெட்டில் தேடினால் கிடைக்குமாம். எங்கள் ஊருக்கு இது ஒரு கஷ்டம். சுவரில் கல்வெட்டு இருந்தாலும் இருந்தது, அப்புறம் பிறந்தவன் எவனுக்கும் எதற்கும் பேர் கிடையாது. போன வருஷம் நான் வெட்டிய கால்வாயைக்கூட வெளியூர்க்காரர் ஒருவர் சோழர் காலத்து வேலை என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐயா, செவ்வாய்த் தண்ணி கல்லில் இல்லை. அது காஞ்சிபுரம் பஸ்ஸில், தகரப் பொட்டியில் வந்தது. வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வந்தது. அதை ஓட்டியவன் நான். சொன்னவன் இன்னாசொல்றான்.

இங்கிலீஷ் தெரிந்தும் வாய் திறக்காதவர்கள் இந்த நாட்டில் லட்சம் பேர் இருப்பார்கள். ஒரு எழுத்து தெரியாமல், ஒரு படம் பாக்கி விடாமல், அத்தனை இங்கிலீஷ் படத்தையும் தமிழில் சொன்ன மனுஷன் அவன் ஒருத்தன்தான்.

அந்தப் பேர் வந்த கதை இது. டெண்ட் கொட்டாய்க்குப் புதுப்படம் சுலபத்தில் வராது. தமிழ்ப் படம் கிடைக்காத நாட்களில் பழைய இங்கிலீஷ் படத்தைப் போட்டுச் சமாளிப்பேன். தரை டிக்கெட் ஜனம் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பொறுக்கும். பிறகு எவனாவது ஒருவன், "இன்னா சொல்றான்?" என்பான். அவ்வளவுதான், கொட்டாயே "இன்னா சொல்றான், இன்னா சொல்றான்" என்று கத்தும். திரைமேல் மணல் வந்து விழும்.

ஒரு நாள் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு பெண்ணிடம் மூச்சு விடாமல் பேசினான். கொட்டாய் கத்த ஆரம்பித்தது. அப்போது மணலிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சாப்ட்டியான்றான்."

கத்தல் நின்றது. திரையில் அந்தப் பெண் அவனைவிட நீளமாக எதையோ பேசினாள்.

"அவ இன்னா சொல்றா?"

"இன்னும் இல்லன்றா."

கொட்டாய் சிரித்த சிரிப்பில் ஒரு கீற்று கழன்று விழுந்தது. மறுநாளே அவன் கையில் மைக் கொடுத்தேன். கொடுத்தவன் நான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் ஏரிக்கோடிக் குடிசைக்காரன். ஏரி முடிகிற இடத்தில், ஊருக்கு வெளியே, வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைகள் அவை. பகலில் நாற்றுக் கட்டு தூக்குவான். மாலையில் எங்கோ வாங்கிய கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நிற்பான். இருட்டில் எதற்கு கூலிங்கிளாஸ் என்று கேட்டால், "மைக்குல பேசறவனுக்கு ஒரு மதிப்பு வாணாமா மொதலாளி?" என்பான். இன்னொரு பழக்கமும் இருந்தது. திரைக்கு முதுகைக் காட்டி நின்றுதான் கதை சொல்லுவான். படத்தைப் பார்க்கவே மாட்டான்.

"பார்த்துட்டுச் சொல்லுடா" என்றேன் ஒரு தடவை.

"படம் எங்க போவப் போவுது? ஜனந்தான் எய்ந்து பூடும். அத்த பாத்துக்கினு சொன்னாதான் கதை நிக்கும்" என்றான்.

அதனால் ஒரே கதையை அவன் இரண்டு நாள் சொன்னது கிடையாது. ஒரு துப்பறியும் படம் சனிக்கிழமை அண்ணன் தம்பி பாகப்பிரிவினையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதே படம் காணாமல் போன காளையைத் தேடுகிற கதையாகிவிட்டது. பெஞ்ச் டிக்கெட்டிலிருந்து ஒருவர் எழுந்து சண்டைக்கு வந்தார்.

"யோவ், நேத்து இவன கொலகாரன்னு சொன்ன?"

"நேத்து கொலகாரன். இன்னிக்கி திருந்திட்டான். உனக்கின்னா பொறாமை?"

முத்தக் காட்சி வந்தால் பெண்கள் பக்கம் தலை குனியும். "காதுல ரகசியம் சொல்றான்" என்பான்.

"காது அங்கயா கீது?"

"வெள்ளக்காரனுக்கு அங்கதான்."

கதை இன்றைக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க, பார்த்த படத்துக்கே மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள். தமிழ்ப் படம் வேண்டாம், இங்கிலீஷ் படம் போடு என்று திருப்புலிவனத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டார்கள். இது எந்த ஊரில் நடந்திருக்கிறது?

அப்புறம் அந்தக் கோடை வந்தது.

ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தெருக் கிணறுகளில் வாளி விட்டால் சேறுதான் வந்தது. தண்ணீர் இருந்தது ஒரே கிணற்றில். எங்கள் ஊரில் முதலில் கரண்ட் மோட்டார் போட்ட பண்ணைக்காரரின் கிணறு அது. ஊர் அவரை மோட்டார்க்காரர் என்றே கூப்பிடும். தெரு ஜனம் சாயங்காலம் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். ஏரிக்கோடிக் குடங்கள் மட்டும் வரப்பைத் தாண்டி வரக் கூடாது. அந்தப் பெண்கள் செய்யாற்று மணலில் ஊற்று தோண்டி, சொம்பு சொம்பாக மொண்டு, வெயிலில் நடந்து வந்தார்கள். இன்னாசொல்றானின் சம்சாரம் குப்பு நிறைமாதக் கர்ப்பிணி. அவளும் நடந்தாள்.

ஒரு மாலை உதடு வெடித்துப்போய் வந்து நின்றான். சோடா வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. மூடியைத் திறக்காமல் மடியில் கட்டிக்கொண்டான்.

"இன்னாடா, குடிக்கல?"

"வூட்ல ரெண்டு பேரு கீறாங்க மொதலாளி. ஒருத்தர் உள்ள கீறாரு."

அந்த வாரம்தான் தகரப் பொட்டி வந்தது. கூட வந்த படக் கம்பெனி ஆள் அவசரத்தில் இருந்தான். கதை என்ன என்று இன்னாசொல்றான் கேட்டதற்கு, "செவ்வாய்லேந்து ஒருத்தன் தண்ணி தேடிக்கிட்டு வரான். அவ்வளவுதான்" என்றான்.

"செவ்வாக்கெழமலேந்தா?"

"செவ்வாய்லேந்துய்யா. மேல."

"மேலன்னா, வந்தவாசிக்கு மேலயா?"

"அதுக்கும் மேல" என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான்.

எனக்கு மூன்றாம் வகுப்பில் பாதி. அவனுக்கு அதுவும் இல்லை. கிரகம் என்றால் ஜோசியர் கட்டத்தில் இருப்பது, அதில் ஆள் குடியிருப்பான் என்று யார் கண்டது? அவனே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான்.

"ஞாயிறுன்னு ஒரு ஊரு கீது. திங்களூருன்னு ஒண்ணு கீதாம். செவ்வாய்னு ஒண்ணு இருக்காதா? அங்கயும் மழை இல்ல போலக்கீது மொதலாளி."

பொட்டியைத் திறந்தால், இருப்பதிலேயே மட்டமான பிலிம் காப்பி. மழை பெய்கிற காப்பி என்போம், திரை முழுக்கக் கோடு கோடாக விழும். வெளியே ஒரு சொட்டு இல்லாத கோடையில் என் திரையில் மட்டும் விடாமல் மழை. அந்தக் காப்பியைத் தேடி எடுத்தவனும் நான்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். முன்வரிசையில் வழக்கம்போல மோட்டார்க்காரரின் நாற்காலி. கொட்டாய் நின்றது அவர் நிலத்தில். அதனால் வீட்டிலிருந்தே நாற்காலி வரும், அதற்கு நேராக வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இன்னாசொல்றான் கதை சொல்வதென்றால் அவருக்கு உயிர்.

வானத்திலிருந்து வட்டமாக ஒன்று இறங்கியது. "இட்லி குண்டான்ல வந்துகீறாரு. பஸ் வசதி இல்லாத ஊரு" என்றான். சிரிப்பு. உள்ளேயிருந்து ஒல்லியாக, நெட்டையாக ஒருவர் இறங்கினார். வெடித்த பூமியில் நடந்தார். ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டினார், எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு பெரிய பண்ணை. வாசலில் நாற்காலி போட்டுத் தொப்பிக்காரன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. வந்தவர் ஒரு குவளையை நீட்டி வாயை அசைத்தார்.

"இன்னா சொல்றான்?"

"செவ்வாக்கெழம ஊர்லேந்து வரேன் நைனான்றாரு. எங்க ஊர்ல தண்ணி இல்ல, ஒரு சொம்பு குடுன்றாரு."

தொப்பிக்காரன் எழுந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான். அங்கே படம் அறுந்திருந்தது. திரை வெள்ளையானது, ஆபரேட்டர் விளக்கைப் போட்டான்.

"அவுரு இன்னா சொல்றாரு?" என்று கொட்டாய் கத்தியது. மோட்டார்க்காரரே நாற்காலியில் திரும்பி, "இன்னாடா சொல்றாரு?" என்றார் ஆசையாக.

இன்னாசொல்றான் கூலிங்கிளாஸைக் கழற்றினான். அவரைப் பார்த்தான். பிறகு மைக்கில் மெதுவாகச் சொன்னான்.

"தெர்லீங்க."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் அதுவரை வந்ததே இல்லை. கொட்டாய் திகைத்துப்போனது. பின்னாலிருந்து எவனோ ஒருவன், "மோட்டார்க்காரர கேளுங்கடா!" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் அடுத்த ரீல் ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் தொப்பிக்காரனே இல்லை.

விடிந்ததும் ஊரில் அதே பேச்சு. சவரக்கடையில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள். மோட்டார்க்காரர் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அவுரு இன்னா சொல்றாரு?" என்பான். எங்கள் இரண்டு பேரையும் மோட்டார் கொட்டகைக்கு வரச் சொன்னார். போனோம். தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"யோவ், உன் கொட்டாய் யார் நெலத்துல நிக்கிது?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க நெலத்துலதாங்க."

"அப்ப இன்னிக்கி அந்தத் தொப்பிக்காரன் பதில் சொல்லணும். இன்னா வேணா சொல்லட்டும். போடான்னு சொல்லட்டும். அவன் சொல்லாம வுட்டா ஊரு என்னைக் கேக்குது."

நான் இன்னாசொல்றானைப் பார்த்தேன். அவன் கண் தொட்டித் தண்ணீரில் இருந்தது.

"நான் இல்லாத்தயெல்லாம் சொல்றவன்தாங்க" என்றான். "இத்த மட்டும் வாயில வர்ல."

"ஏன் வர்ல?"

"குடுத்தாருன்னு சொன்னா, எங்க ஏரிக்கோடி ஜனமே சிரிக்கும். குடுக்கலன்னு சொல்லிட்டு நான் வூட்டுக்குப் போயி குப்பு மூஞ்சில முழிக்கணும். நீங்களே சொல்லுங்க, நான் இன்னா சொல்ல?"

மோட்டார்க்காரர் என் பக்கம் திரும்பினார். "படத்த நிறுத்து. வேற பொட்டி போடு."

என் பிழைப்பே அந்தக் கொட்டாய்தான். மண்டபம் அப்போது கிடையாது, ஐஸ் கம்பெனி தண்ணீர் இல்லாமல் படுத்திருந்தது. ஆனாலும் சொன்னேன்: "செவ்வாய் வரைக்கும் பேசி எடுத்த பொட்டிங்க. நிறுத்த மாட்டேன். கொட்டாயப் பிரிக்கச் சொன்னா புதன் காத்தால பிரிச்சிடறேன்." இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கள்கிழமையும் அதே இடத்தில் படம் அறுந்தது. அவனும் "தெர்லீங்க" என்றான். ஒரே கதையை இரண்டு நாள் சொல்லாதவன் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு நாற்காலி வராது என்று நினைத்தேன். வந்தது. அவரும் வந்தார். உட்கார இடமில்லாமல் ஜனம் கீற்றுக்கு வெளியே நின்றது. ஒல்லி மனுஷர் குவளையை நீட்டினார். தொப்பிக்காரன் எழுந்து வாயைத் திறந்தான். விளக்கு எரிந்தது.

அன்று யாரும் கத்தவில்லை. மோட்டார்க்காரர் திரும்பிப் பார்த்தார். கொட்டாயின் கடைசியில், எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கோடிப் பெண்கள் ஆற்றிலிருந்து நேராக வந்து நின்றிருந்தார்கள். குப்பு வயிற்றுக்கும் இடுப்புக்கும் நடுவில் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அது பாதிதான் நிறைந்திருந்தது என்பது அவள் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

மோட்டார்க்காரர் மைக் பக்கம் திரும்பினார்.

"குடுத்தாருன்னு சொல்லுடா."

"நெஜமாவாங்க?"

"சொல்லுடா, பேஜார் புடிச்சவனே!"

இன்னாசொல்றான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "குடுத்தாரு!" என்றான். கொட்டாய் எழுந்து நின்றது. கைதட்டல் அடங்கியதும் அவன் விடவில்லை, நாற்காலிப் பக்கம் குனிந்தான்.

"ஒரு சொம்பான்னு கேக்கறாருங்க."

"கொடம் குடுத்தேன்னு சொல்லு."

"எத்தினி நாளைக்கின்னு கேக்கறாரு."

மோட்டார்க்காரருக்கு வளைத்துப் பிடிக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. கெட்டிக்காரர். "அவன் எந்தக் கெழம ஊருக்காரன்?" என்றார்.

"செவ்வாக்கெழமங்க."

"அப்ப செவ்வாக்கெழம செவ்வாக்கெழம வரச் சொல்லு."

விளக்கு அணைந்தது, கடைசி ரீல் ஓடியது. திரையில் சிப்பாய்கள் ஓடி வந்தார்கள், படபடவென்று சத்தம் கேட்டது. "வாணம் உடறாங்க. தண்ணி குடுத்த சந்தோசம்" என்றான். ஒல்லி மனுஷர் ஒரு குளத்தங்கரையில் முழங்காலில் விழுந்தார், முகம் தண்ணீரில் அமிழ்ந்தது. மழைக் கோடுகளுக்கு நடுவே அவ்வளவுதான் தெரிந்தது. "குனிஞ்சி குடிக்கிறாரு" என்றான். "வுடுங்க. நெறைய தாகம். மெதுவா குடிக்கட்டும்." அந்த ஒரு தடவை மட்டும் அவன் திரும்பி நின்று படத்தைப் பார்த்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏரிக்கோடியிலிருந்து குடம், அண்டா, தவலை, உடைந்த பானை எல்லாம் வரப்பைத் தாண்டி வந்தன. மோட்டார் காலையிலிருந்து மாலை வரை ஓடியது. குப்புவின் குழந்தையை முதலில் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான். மழை பெய்து மற்றக் கிணறுகள் ஊறியதும் அந்தக் கிணற்றுக்காரர்களுக்கும் வெட்கம் வந்தது, அவர்களும் திறந்தார்கள். பிறகு வாசல் குடம் வந்தது. தென்னேரிப் பக்கம் பெண் கொடுத்த வீடுகளுக்கும் அது போனது. ஏழு நாளில் ஒரு நாள்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவனும் கேட்டான்.

"மீதி ஆறு ஊருக்கும் வெள்ளக்காரன் படம் எடுத்திருக்க மாட்டானா மொதலாளி? கம்பெனில கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

தேடினேன். கிடைக்கவில்லை. ஏரிக்கோடிக்குக் குழாய் வந்தது வெகுகாலம் கழித்து. அதைத் திறந்து வைத்தவர்கள் பேரெல்லாம் கல்லில் இருக்கிறது. இன்னாசொல்றான் ஒரு மழைக்காலத்தில், ஏரி நிறைந்து கோடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த நேரத்தில், காய்ச்சல் கண்டு போய்விட்டான்.

சமீபத்தில் என் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பையன் வீட்டார் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து கேசட் போட்டார்கள். பார்த்தால் அதே செவ்வாய்ப் படம். வெள்ளைக்காரன் இன்னும் அதைக் கொண்டாடுகிறானாம், என் மகன் சொன்னான். காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்தவன். நானும் உட்கார்ந்தேன். ஒரு கோடு இல்லை, கண்ணாடி மாதிரி காப்பி. சிப்பாய்கள் கையில் துப்பாக்கி பளபளவென்று தெரிந்தது. ஒல்லி மனுஷர் தண்ணீரில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. மகன் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிக் காட்டினான். பண்ணை வந்தது, நீட்டிய குவளை வந்தது, அறுபடாத அந்த இடமும் வந்தது. தொப்பிக்காரன் எழுந்து வாயைத் திறந்து என்னவோ சொன்னான்.

"அப்பா, அவன் இன்னா சொல்றான்னா..." என்று மகன் ஆரம்பித்தான்.

"நிறுத்துடா" என்றேன். "அவரு இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியும். குடுத்தாரு. நான் அங்கதான் இருந்தேன்."

டெக்கை அணைக்கச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. இருந்தாலும் ஒரு குடம் நிரப்பி வைத்தேன்.

பஞ்சாயத்தில் இப்போது பஸ் ஸ்டாண்டு ஓரம் செவ்வாய்த் தண்ணிக்கு ஒரு போர்டு வைக்கப் போகிறார்கள். "ஆயிரம் ஆண்டு மரபு" என்று எழுதப் போகிறார்களாம். நான் விட மாட்டேன். இந்தப் பத்திரிகையைக் கொண்டுபோய் அவர்கள் மேஜைமேல் வைப்பேன். போர்டில் முதல் வரியில் இன்னாசொல்றான் என்று பெரிதாக எழுதுங்கள். சொந்தப் பேரைத் தேடாதீர்கள், குப்புவே அவனை "இந்தா" என்றுதான் கூப்பிட்டாள். அதற்கு அடியில் என் பேர் வர வேண்டும்: மைக் கொடுத்தவர், அறுந்த காப்பி எடுத்தவர், படத்தை நிறுத்தாதவர். நல்ல காப்பியாக எடுத்திருந்தால் துப்பாக்கி தெரிந்திருக்கும், தொப்பிக்காரன் பதிலும் வந்திருக்கும், செவ்வாய்த் தண்ணி வந்திருக்காது. என் பேர் சின்ன எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அவன் பேருக்கும் என் பேருக்கும் நடுவில் வேறு யார் பேரும் வரக் கூடாது.